பதினேழாம் நம்பர் மட்டக்குதிரை

தேன்பாறை ஏரிக்கரையில் அந்த வருஷம் சவாரிக்கு நின்ற மட்டக்குதிரைகள் மொத்தம் இருபத்துநாலு. இருபத்துமூன்று தாய் வயிற்றில் பிறந்தவை, ஒன்று மட்டும் காகிதத்தில் பிறந்தது. கீழ்நாட்டில் இதைச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ரெண்டு நாள் மலையேறி வந்து, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோ எடுத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு என்ன தெரியும்! தேன்பாறைக்காரர்கள் சிரிக்கவும் இல்லை, வாயைப் பிளக்கவும் இல்லை. அதற்கு நம்பர் இருக்கிறதா, இருந்தால் வரிசையில் எத்தனாவதாக நிற்கும் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

நம்பர் மைமூனுடையது. அவள் புருஷன் தாவூது ராவுத்தர் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவளே தலைமுக்காட்டை இறுக்கி இழுத்துச் செருகிக்கொண்டு, இருபத்துமூன்று ஆம்பிளைகளுக்கு நடுவில் லகானைப் பிடித்து நின்று, சிட்டு என்கிற குதிரையையும் சுமையா என்கிற எட்டு வயசு மகளையும் காப்பாற்றி வந்தாள். அந்தச் சிட்டு தை மாசத்துப் பனியில் வயிறு ஊதி, ஒரே பகலில் செத்துப்போனது. குதிரை போனால் இன்னொரு குதிரை தேடிக்கொள்ளலாம், நம்பர் போனால் வராது. பங்குனியில் நகராட்சி ஆபீசில் குதிரையின் போட்டோ ஒட்டிய பாரத்தைக் கொடுத்துப் புதுப்பிக்காவிட்டால் அந்த நம்பர் செத்தது செத்ததுதான். புது நம்பர் கொடுப்பதை நிறுத்திப் பத்து வருஷம் ஆயிற்று. பதினேழு போனால் மைமூன் மகளைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டே இறங்க வேண்டியதுதான். கீழே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை.

வீட்டில் ஒரு படம் இருந்தது. முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரத் தோட்டத்துரையின் பங்களாவைக் காலி செய்தபோது தாவூதின் பாட்டனார் கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை மட்டும் கேட்டு வாங்கி வந்தாராம். மிருகங்களைப் பற்றிய ஏதோ பழைய புஸ்தகத்தின் தாள். செப்புத் தகட்டில் மயிர்க்கோடாகக் கீறி அச்செடுத்து, மேலே கையால் வண்ணம் பூசியது. பழுப்பு நிறத்தில் ஒரு மட்டக்குதிரை பக்கவாட்டில் நிற்கும், காலடியில் நாலு புல், பக்கத்தில் இலையில்லாத ஒரு மரம், பின்னால் ஒரு குன்று, அவ்வளவுதான். வண்ணம் பூசினவள் யாரோ அவசரக்காரி, காது நுனியில் பழுப்பு கோட்டைத் தாண்டி வெளியே வழிந்திருந்தது. உருவப்படம் தொங்குகிற அறையில் தொழக்கூடாது என்று மைமூன் தொழுகை நேரத்தில் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள்.

யோசனை சொன்னது சிக்கந்தர் மாமு, தாவூதுக்குத் தாய்மாமன், குதிரைக்காரர் சங்கத்துக்குத் தலைவர். "ஏத்தா மைமூனு, குதிரை படம்தான கேக்குறான்? இந்தா தொங்குதுல்ல குதிரை. போன்ல புடிச்சு, பிரிண்டு போட்டு ஒட்டிருவோம். ஆபீசுல எவன் மேல நிமிந்து பாக்குறான்? நம்பரைத் தக்க வச்சுக்க, குதிரையைப் பெறகு பாத்துக்கலாம்."

"பொய்யாப் போயிருமே மாமு."

"பொய் என்ன பொய்? குதிரையா இல்லையா அது?"

ஆபீசில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிரைகளைப் பரிசோதிக்க வந்த டாக்டர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே இருபத்துநாலு பாரத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மழை வருமுன் மலை இறங்கவேண்டுமென்று போய்விட்டார். பதினேழு என்று அடித்த தகரப் பில்லை மைமூன் கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்து படம் தொங்கிய ஆணியிலேயே மாட்டினாள்.

தேன்பாறைக் குதிரைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் குதிரைக்குப் பில்லை மாட்டியதும் அதன் காதில் மூன்று சொல்ல வேண்டும்: அதன் பேர், சொந்தக்காரர் பேர், அது திரும்பி வரவேண்டிய வீட்டின் அடையாளம். ஒரே ஒரு தடவைதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லப்பட்ட குதிரை மேகத்தில் கண் தெரியாவிட்டாலும் வீடு வந்து சேரும்; பொழுது சாய்ந்தால் குதிரைக்காரர்கள் பிள்ளைகளை அதன் முதுகில் தூக்கிவைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவார்கள், பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடும். "அம்மா, காதுல சொல்லலியே" என்று சுமையா நச்சரித்தாள். மைமூனுக்கும் அன்றைக்கு நம்பர் கிடைத்த சந்தோஷம். மகளைச் சிரிக்க வைக்கலாமென்று படத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், அந்த வழிந்த காதில், "உம் பேரு கருப்பட்டி, நான் மைமூனு" என்றாள். "வீட்டு அடையாளம்?" என்று மகள் கேட்டாள். "ஆணியில தொங்குறது எங்கிட்டுப் போகப்போகுது, போ கழுதை!" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதியதும் வாசலில் கருப்பட்டி நின்றது.

கழுத்தில் பதினேழாம் பில்லை தொங்கியது. உடம்பு முழுக்க மயிர்க்கோடு, காது நுனியில் பழுப்பு காற்றில் கொஞ்சம் கசிந்து நின்றது, கிட்டே போனால் பழைய புஸ்தகத்தைத் திறந்த வாசனை. வரைந்தவன் ஒரு பக்கத்தைத்தானே வரைந்தான், மறுபக்கம் வெறும் வெள்ளைக் காகிதமாக, கண்ணில்லாமல் இருந்தது. உள்ளே சுவரில் படத்தில் புல்லும் மரமும் குன்றும் இருந்தன, குதிரை நின்ற இடம் காலி. மைமூன் ஒரு எட்டுப் பின்னால் போனாள். ஆனால் சித்திரை பிறந்துவிட்டது, கீழ்நாட்டுக் கார்கள் வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன. சேணத்தைத் தூக்கிப் போட்டு, பிஸ்மி சொல்லி, ஏரிக்கு நடத்திக்கொண்டு போனாள்.

ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தீனி தின்னாத குதிரையை வைத்திருக்கிறவள் தீனி போடுகிறவர்களோடு சரிசமமாக வரிசையில் நிற்கலாமா என்பதுதான் வழக்கு. சிக்கந்தர் மாமு பில்லையைத் தூக்கிப் பார்த்து, "நம்பர் இருக்கு, பாரத்துல கையெழுத்து இருக்கு, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல நிக்கட்டும்" என்று தீர்த்துவைத்தார். பள்ளிவாசல் அசரத்திடம் கேட்டதற்கு, அவர் தாடியை நீவிக்கொண்டு, உருவத்தை வீட்டில் மாட்டியது தப்பு, அது வெளியே வந்துவிட்டதால் வீட்டில் இப்போது உருவம் இல்லை, ஆகவே பகலில் துண்டு போடத் தேவையில்லை என்றார். டீக்கடை பவுனுத்தாய், "எங்கூட்டு ஆளு குடிச்சுட்டு வந்தா அவருக்கும் ஒரு பக்கம்தான் கண்ணு தெரியும்" என்று சொல்லிவிட்டு வடையைத் திருப்பிப்போட்டாள். ஒரு வாரத்துக்குள் கருப்பட்டி ஊருக்குள் பழகிப்போனது. தூறல் விழுந்தால் சாயம் போய்விடுமென்று யாராவது ஒருத்தர் ஓடிவந்து பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்துவார்கள். காலையானாலும் மாலையானாலும் அதன் நிழல் ஒரே பக்கமாகத்தான் விழுந்தது, அந்த நிழலில் பவுனுத்தாய் பால் கேனை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மைமூன் அதை வீட்டுக்கு நடத்தி வந்து சேணத்தை இறக்குவாள். ஆறு மணிச் சங்கு ஊதும். ஊதி முடிக்கும்போது வாசல் வெறிச்சோடியிருக்கும், குதிரை படத்துக்குள் நிற்கும். நகராட்சி கொடுத்த நம்பர், நகராட்சிச் சங்குக்குக் கட்டுப்பட்டது, இதில் என்ன இருக்கிறது என்றார் சிக்கந்தர் மாமு.

முதலில் போனது ஒரு மஞ்சள் மப்ளர். சவாரிக்கு வந்தவர் யாரோ குதிரைக் கழுத்தில் போட்டுவிட்டு மறந்துபோனது. சங்கு ஊதியதும் அது படத்துக்குள் புல் மேல் கிடந்தது, மஞ்சள் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. காலையில் குதிரை வந்தது, மப்ளர் வரவில்லை. அப்புறம் ஒரு குடை போனது, ஒரு தொப்பி போனது. சாமான் தொலைத்தவர்கள் வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "ஆமா, எங்களோடதுதான், பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் பவுனுத்தாயின் பூனைக்குட்டி சேணத்துக்கடியில் தூங்கிப்போய் உள்ளே போனது. அது மப்ளர் மாதிரி போட்ட இடத்தில் கிடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சின்னதாகி, குன்றைப் பார்த்து நடந்து, ஒன்பதாம் நாள் குன்றுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. "பூனைதான, விடு" என்றாள் பவுனுத்தாய். மைமூனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்தச் சீசனோடு இதைத் தலைமுழுகிவிட வேண்டும், நிஜக் குதிரை ஒன்று பிடித்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள், தினமும் சங்கு ஊதுமுன் சுமையாவைத் தன் கண்முன்னால் நிற்க வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றால் கூட்டம், ஏரியைச் சுற்றி எள் போட இடமில்லை. ஐந்து மணிக்கு மேகம் இறங்கி எதிரில் நிற்கிற ஆள் தெரியாமல் போயிற்று. ஒரு குடும்பம் வழி தவறிக் குதிரையோடு எங்கேயோ நின்றுகொண்டு கத்த, சிக்கந்தர் மாமு, "மைமூனு, ஓடியா, நீ அந்தக் கரையப் பாரு!" என்று அலறினார். சுமையா குளிரில் உதடு நீலம் பாரித்து, தூக்கம் தூக்கமாக வந்து நின்றாள். மைமூன் ஒன்றும் யோசிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்ததைத்தான் அவள் கையும் செய்தது: மகளைத் தூக்கிச் சேணத்தில் வைத்தாள், ஷீட்டைப் போர்த்தினாள், முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வீட்டுக்குப் போ" என்றாள். கருப்பட்டி போயிற்று. அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கரையேற்றிவிட்டு நிமிரும்போது சங்கு ஊதியது.

ஐயோ, அவள் ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது! செருப்பு ஒரு பக்கம், முக்காடு ஒரு பக்கம். வாசலில் யாரும் இல்லை. உள்ளே படத்தில் குதிரை நின்றது, அதன் பக்கத்தில் இலையில்லாத மரத்தடியில் சுமையா இறங்கி நின்றாள், விரல் நீளத்துக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு; பாவாடையின் நீலம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது.

மைமூன் கண்ணாடியை உடைத்தாள். உள்ளே கை வைத்தால் காகிதம்தான் தட்டுப்பட்டது. கிழித்துவிடப் போனவளை நாலு பொம்பளைகள் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள், "பிள்ளையையும் சேத்தாடி கிழிக்கப்போற?" மறுநாள் சிக்கந்தர் மாமு தன் செலவில் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். ஊர் வந்து பார்த்தது. பள்ளிக்கூட டீச்சர் வந்து, பிள்ளை இருக்கிற இடம் தெரிவதால் ஆப்சென்ட் போட மாட்டேன் என்று ஆறுதல் சொன்னார். அசரத்து ஓதி ஊதினார். "எம்புட்டு சூதானமா நிக்கிது பாரு, மழையா வெயிலா அங்க" என்றாள் பவுனுத்தாய், அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். மைமூனுக்கு அவளைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

சிக்கந்தர் மாமு மட்டும் மெல்லக் கேட்டார். "காதுல மூணும் சொன்னியாத்தா?"

"ரெண்டுதான் மாமு."

"வீட்டு அடையாளம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பச் சொல்லட்டா? இப்பவே சொல்றேன்."

"சொல்லாம விட்டா அது தன் வீட்டையே வீடுன்னு பிடிச்சுக்கிரும். பெறகு மாறாது, உனக்குத் தெரியாததா?" என்றார் அவர்.

இரண்டாம் நாள் சுமையா மரத்தைத் தாண்டியிருந்தாள். மூன்றாம் நாள் அரை விரல். ஐந்தாம் நாள் ஒரு நெல்லளவு. மைமூன் கண்ணாடியில் வாயை வைத்து, "சுமையா, நில்லு கண்ணு, நடக்காத, அங்கயே நில்லு" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். ஆறாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டாள். குதிரை தினமும் வெளியே வருகிறது, அதன் முதுகில் எது இருந்தாலும் உள்ளே போகிறது. அப்படியென்றால் காலையில் முதுகில் இருப்பது வெளியேயும் வர வேண்டுமே! மப்ளருக்கு ஏறி உட்காரத் தெரியாது, பூனைக்கும் தெரியாது. தனக்குத் தெரியும்.

"போயிட்டு வந்துர்றேன் மாமு," என்றாள். "பிள்ளையத் தூக்கிட்டு வந்து குதிரையில ஏறிக்கிருவேன், காலைச் சங்குக்கு வாசல்ல நிப்போம். ஒரு நாளோ ரெண்டு நாளோ. அதுவரைக்கும் நம்பரை மட்டும் சாக விட்டுராத. நம்பர் செத்தா குதிரை வராது, குதிரை வராட்டி நாங்க வர முடியாது."

"அல்லா அறிய, நம்பரைச் சாக விட மாட்டேன்," என்றார் சிக்கந்தர் மாமு. அவர் கண் கலங்கியிருந்தது, அது நிஜமான கலக்கம்தான். அன்று சாயங்காலம் ஊரே வாசலில் கூடி நிற்க, மைமூன் கருப்பட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். சங்கு ஊதியது.

உள்ளே சத்தமே இல்லை. காற்று இல்லை, குளிர் இல்லை, வெயில் இல்லை. தலைக்கு மேல் தண்ணீர் கலந்து இழுத்த நீலம், காலுக்குக் கீழே கோடு கோடாக நிலம், நடந்தால் விரலில் தட்டியது. தரை முழுக்கக் குன்றுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது, சும்மா நின்றால் கால் தானே அங்கே இழுத்துப்போயிற்று. பிள்ளை ஏன் நடந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது, பாவம் அவள் நடக்கவே இல்லை. மைமூன் ஓடினாள். குன்றின் விளிம்பில் சுமையா ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோது அங்கே ஒன்றுமே இல்லை, வண்ணம் படாத வெறும் வெள்ளை, பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஏம்மா இம்புட்டு நேரம்?" என்றாள் சுமையா.

"வந்துட்டேன்ல," என்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மைமூன் ஏற்றத்தில் நடந்தாள். மலையில் பிறந்த பொம்பளைக்கு ஏற்றம் புதிதா, ஆனாலும் நெஞ்சு வெடித்தது. மரத்தடிக்கு வந்தபோது கருப்பட்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். தூரத்தில், தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி, காலைச் சங்கு ஊதியது.

குதிரை அசையவில்லை.

மைமூன் குனிந்து பார்த்தாள். அதன் கழுத்தில் பில்லை இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சாய்கிற தரையில் குதிகாலை ஊன்றி ஊன்றிப் படத்தின் ஓரத்துக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். வெளியே தெரிந்தது அவள் வீடு இல்லை, ஏரிக்கரைச் சங்கக் கொட்டகை; படத்தை அங்கே கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் டீக்கடை, பவுனுத்தாய்க்குக் காதோரம் நரை விழுந்திருந்தது. கரை கொள்ளாத கூட்டம், இன்னொரு சீசன். வாசலில் ஒரு சாம்பல் நிறக் குதிரை, ரத்தமும் சதையுமாக, வாலால் ஈயை விரட்டிக்கொண்டு நின்றது. லகானைப் பிடித்திருந்தவன் சிக்கந்தர் மாமுவின் மகன். குதிரையின் கழுத்தில் பதினேழாம் பில்லை.

மைமூன் கண்ணாடியைத் தட்டினாள். சிக்கந்தர் மாமு திரும்பிப் பார்த்தார். டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. கிட்டே வந்து, மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி நின்றார்.

"உனக்கு அங்க எம்புட்டு நேரமோ, இங்க வருசம் ஒண்ணாச்சேத்தா," என்றார். "தினம் அந்தக் குதிரை வெறும் முதுகோட வந்துச்சு, வெறும் முதுகோட போச்சு. பங்குனி வந்துருச்சு. இந்தத் தடவை மேல நிமிந்து பாக்குற ஆபீசரு வந்துட்டாரு, குதிரையக் கொண்டா, ரெண்டு பக்கமும் காட்டுன்னாரு. என்னத்தக் காட்டுவேன்? நம்பரைச் சாக விடாதன்னு நீதான சொன்ன. சாக விடலத்தா. இவன் குதிரைக்கு மாத்தி உசுரோட வச்சிருக்கேன்."

"ஒரு நாளைக்கு, மாமு! ஒரே ஒரு நாளைக்கு அந்தப் பில்லையக் கழட்டி ஆணியில மாட்டு, நாங்க வந்துர்றோம்!" அவள் கத்தியது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, புரிந்துவிட்டது. அவர் திரும்பி அந்தச் சாம்பல் குதிரையைப் பார்த்தார், அதன் மேல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார், பின்னால் காத்து நின்ற வரிசையைப் பார்த்தார். பில்லையைக் கழற்றினால் பதினேழு யாருடையது என்ற கேள்வி வரும். இவள் வந்து நின்றால் நிச்சயம் வரும்.

"சீசன் முடியட்டும்த்தா," என்றார் கடைசியில். குரல் ரொம்பப் பாசமாக இருந்தது. "கூட்டம் குறையட்டும், பாத்துச் செய்வோம்."

அவள் கண்ணாடியை ரெண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தாள். சவாரிக்கு நின்றவர்களில் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். சிக்கந்தர் மாமு படத்தை ஆணியிலிருந்து எடுத்தார், தூக்கம் கலையாத பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி அவ்வளவு பக்குவமாக, சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்.

உள்ளே இருட்டிவிட்டது. "அம்மா, ராத்திரியாயிருச்சா?" என்றாள் சுமையா. கால் குன்றுப் பக்கம் வழுக்கியது. மைமூன் ஒரு கையால் மகளை இறுக்கிக்கொண்டு, மறுகையால் கண்ணாடியைத் தட்டினாள். நிறுத்தினால் சறுக்கியது, ஆகையால் நிறுத்தவில்லை. டீ குடிக்க வந்த யாரோ, அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். "சட்டத்து மரத்துல பூச்சி விழுந்திருக்கு, சீசன் முடியவும் மருந்தடிக்கணும்" என்றாள் பவுனுத்தாய். மைமூனுக்கு அது நன்றாகவே கேட்டது. இன்னும் பலமாகத் தட்டினாள்.